வாசலையும் அளந்து விலை சொல்லுங்கள்: வளாகப் பராமரிப்பு குறித்த கேள்வி – பதில்

புல்தரை, வேலிச்செடி, பூம்பாத்தி, நடைபாதை ஓரம் என ஒரு வளாகத்தின் வெளிப்புறத்தை ஆண்டு முழுவதும் பராமரித்துக் கொடுக்கும் ஒப்பந்ததாரர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை இரண்டு பொருள்களையே சுற்றி வந்தன. எந்த இயந்திரத்தை வாங்குவது என்பது ஒன்று. என்ன விலை சொல்வது என்பது மற்றொன்று. தன் இயந்திரமும் தன் ஆளும் ஒரு மணி நேரம் வேலை செய்தால் எவ்வளவு செலவாகிறது என்று தெரியாதவருக்கு இவ்விரண்டில் எதற்கும் சரியான விடை கிடைக்காது என்பதால், இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இதுவரை வீட்டுத் தோட்டங்களை மட்டுமே கவனித்து வந்தேன். இப்போது ஓர் அலுவலக வளாகத்தில் 6,000 சதுர மீட்டர் புல்தரைக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு என்ன விலை வைக்கலாம்? மற்றவர்கள் வாங்கும் விலையை விசாரித்து, அதைவிடச் சற்றுக் குறைத்துச் சொன்னால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரின் யோசனையை ஏற்காதீர்கள். மற்றவருடைய விலை என்பது அவருடைய இயந்திரம், அவருடைய ஆட்கள், அவர் பயணம் செய்யும் தூரம், அவருக்கு இருக்கும் கடன் ஆகியவற்றின் விளைவு. அவரும் இன்னொருவரைப் பார்த்துக் குறைத்துச் சொன்னவராக இருந்தால், கணக்கே போடாத ஒரு விலையின் மீது நீங்கள் உங்கள் ஆண்டைக் கட்டுகிறீர்கள். சதுர மீட்டர் விலை என்பது வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு வசதியானது. நமக்குள் நாம் போட வேண்டியது மணிக்கணக்கு.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். 53 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டும், பின்னால் நடந்து ஓட்டும் ரோட்டரி (கிடையாகச் சுழலும் கத்தி கொண்ட) புல்வெட்டியை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், ஏட்டுக் கணக்கில் மணிக்கு 2,120 சதுர மீட்டர் முடிய வேண்டும். நடைமுறையில் அது முடிவதில்லை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மீது சில சென்டிமீட்டராவது ஏறி வர வேண்டும். வரியின் முடிவில் திரும்ப வேண்டும். புல் சேரும் பையைக் காலி செய்ய வேண்டும். பெட்ரோல் ஊற்ற வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். தடையில்லாத சமதரையில்கூட முக்கால் பங்கு, அதாவது 1,600 சதுர மீட்டர் அளவுக்குத்தான் முடியும். மரங்களும் பாத்திகளும் விளக்குக் கம்பங்களும் நிறைந்த இடமானால் பாதிக்குக்கூடக் குறையலாம். ஆக, உங்கள் 6,000 சதுர மீட்டருக்கு வெட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 4 மணி நேரம் பிடிக்கும். ஓரம் வெட்டுவது, நடைபாதையில் சிதறிய புல்லை ஊதித் தள்ளுவது, இயந்திரங்களை வண்டியில் ஏற்றி இறக்குவது ஆகியவை இதில் சேரவில்லை. இவற்றில் ஓரம் வெட்டும் வேலை பரப்பளவைப் பொறுத்ததன்று, நீளத்தைப் பொறுத்தது. ஆகவே வளாகத்தைச் சுற்றி நடந்து, சுவர் ஓரம், பாத்தி ஓரம், மரத்தடி வட்டம் அனைத்தின் நீளத்தையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பரப்பளவுள்ள இரண்டு வளாகங்களில் ஒன்று லாபமும் மற்றொன்று நட்டமும் தருவதற்குப் பெரும்பாலும் இந்த ஓரங்களே காரணம்.

அடுத்து, ஒரு மணி நேரத்துக்கான செலவு. ஆளுக்கு 8 மணி நேரச் சம்பளம் கொடுக்கிறீர்கள். ஆனால் பயணம், ஏற்றி இறக்குதல், கத்தி மாற்றுதல் எல்லாம் போக வாடிக்கையாளரின் தரையில் அவர் வேலை செய்வது 6 மணி நேரம் என்றால், உங்கள் கணக்கில் ஒரு மணி நேரக் கூலி என்பது கொடுக்கும் கூலியைப் போல ஒன்றே கால் மடங்குக்கும் மேல், சரியாகச் சொன்னால் 1.33 மடங்கு ஆகிறது. புதியவர்கள் முதலில் கோட்டைவிடுவது இங்கேதான். இயந்திரத்துக்கு, வாங்கிய விலையிலிருந்து விற்றால் கிடைக்கும் விலையைக் கழித்து, அது உழைக்கும் மொத்த மணி நேரத்தால் வகுத்துத் தேய்மானத்தைக் கண்டுபிடியுங்கள். அதனுடன் எரிபொருள், ஆயில், கத்தி, பெல்ட், பழுதுச் செலவு ஆகியவற்றைச் சேருங்கள். பிறகு மேல்செலவு: வண்டி, காப்பீடு, கைபேசி, பொருள் வைக்கும் இடம், கணக்கு எழுதுபவர், விலைப்புள்ளி தயாரிக்க நீங்கள் அலையும் நேரம். ஆண்டு முழுவதற்குமான இந்தத் தொகையை, ஆண்டில் கட்டணம் வாங்கக்கூடிய மணி நேரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் சொந்த உழைப்புக்கான சம்பளமும் செலவில்தான் சேரும். அதை லாபம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இவை அனைத்தின் கூட்டுத்தொகை மீதுதான் லாபம் வைக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் மணி விலையை மணி நேரத்தால் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால், நீங்கள் கேட்ட சதுர மீட்டர் விலை தானே வந்துவிடும்.

கேள்வி: மேலே அமர்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய ஜீரோ டர்ன் புல்வெட்டி வாங்கினால் வேலை பல மடங்கு வேகமாக முடியும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கலாமா?

பதில்: வேகம் உண்மைதான். 122 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டும் இயந்திரத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அதிலும் முக்கால் பங்கையே கணக்கில் கொண்டாலும், மணிக்கு 7,300 சதுர மீட்டர் அளவுக்கு முடிக்கலாம். மேலே சொன்ன வளாகம் 50 நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் நானும் ஒரு காலத்தில் தவணையில் ஒன்றை வாங்கினேன். அப்போது என் கையிலிருந்த இடங்கள் எல்லாவற்றின் புல்தரையையும் அளந்திருந்தேன், வாசலை அளக்கவில்லை. பாதி இடங்களில் உள்ளே போகும் கம்பிக் கதவின் அகலம் 90 சென்டிமீட்டர். முதல் நாள் காலையில் இயந்திரத்தைக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, இரு பக்கமும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. பழைய புல்வெட்டியைத்தான் மறுபடியும் இறக்கினோம். புதியது தார்ப்பாயின் அடியில் கிடக்க, தவணை மட்டும் மாதம் தவறாமல் போயிற்று.

ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நுழைவழியின் அகலம் என்ன, இரண்டு தடைகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய இடைவெளி என்ன, தரையின் சரிவு என்ன. சரிவு மிக முக்கியம். இத்தகைய இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விதிக்கும் உச்ச வரம்பு 15 பாகை. சில இயந்திரங்களுக்கு அதைவிடவும் குறைவு. ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள்; கீழ்ப்பக்க முனைக்கும் தரைக்கும் இடையே 27 சென்டிமீட்டர் இருந்தால் அது 15 பாகை. அதற்கு மேற்பட்ட சரிவில் ஏற்றவே கூடாது. வரம்புக்குள் இருந்தாலும், ஈரமான புல்லிலும் குளக்கரை, தடுப்புச் சுவர் விளிம்பிலும் ஓட்டக் கூடாது. உருளாமல் காக்கும் வளைவுக் கம்பி பொருத்தப்பட்ட இயந்திரமானால், கம்பியை நிமிர்த்தி, இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். கம்பியை மடக்க நேர்ந்தால் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். மழைக்குப் பிறகு நனைந்த தரையில் இதன் எடை பள்ளத் தடங்களை உண்டாக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, அந்த இயந்திரம் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எண்ணுங்கள். இருக்கும் வேலையை வைத்து எண்ண வேண்டும். வரப்போகும் வேலையை வைத்து எண்ணக் கூடாது. வாரம் சில மணி நேரமே ஓடும் என்றால், தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுங்கள். வாடகைக் கட்டணத்தை நேரடியாக அந்த வேலையின் விலையில் சேர்த்துவிடலாம்.

கேள்வி: வீட்டு உபயோக இயந்திரத்துக்கும் தொழில்முறை இயந்திரத்துக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அது நியாயமானதுதானா?

பதில்: மணிக்கணக்கில் பாருங்கள். வீட்டு உபயோக இயந்திரத்தின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அது 400 மணி நேரம் உழைத்தால், மணிக்குத் தேய்மானம் கால் பங்கு. தொழில்முறை இயந்திரம் 250 பங்கு விலையில் 1,500 மணி நேரம் உழைத்தால், மணிக்கு ஆறில் ஒரு பங்குதான். இரண்டரை மடங்கு விலையுள்ளது மலிவாக முடிகிறது. இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள்; உங்களுடையதை நீங்கள் போட்டுப் பாருங்கள். ஆனால் இந்தக் கணக்கு அந்த மணி நேரத்தை நீங்கள் உண்மையில் ஓட்டினால்தான் பலிக்கும். ஆண்டுக்கு 100 மணி நேரம் மட்டுமே ஓட்டுபவருக்கு 1,500 மணி நேரம் என்பது 15 ஆண்டு; அதற்குள் ரப்பர் குழாய்களும் சீல்களும் வயதாலேயே கெட்டுவிடும்.

விலைப்பட்டியலில் தெரியாத வேறுபாடுகளும் உண்டு. தொழில்முறை இயந்திரத்தின் சிலிண்டரில் வார்ப்பிரும்பு உறை இருக்கும், சக்கரங்களில் பந்துத் தாங்கிகள் இருக்கும், கத்தி மூடியின் தகடு தடிமனாக இருக்கும். கடையில் நிற்கும்போது நான் முதலில் கேட்பது குதிரைத் திறனைப் பற்றி அல்ல. ஏர் ஃபில்ட்டர், ஸ்டார்ட்டர் கயிறு, கத்தி, பெல்ட், கார்புரேட்டர் ஆகிய ஐந்தும் அலமாரியில் இருக்கின்றனவா என்பதைத்தான். உதிரிப் பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்கும் இயந்திரம் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் அந்த மூன்று வாரமும் அதன் மணிக்கணக்கு பூஜ்யம்தான்.

கேள்வி: ஒரு வளாகத்தில் புல் வெட்டிய இரண்டு நாளில் தரை முழுவதும் வெளிறிப் பழுப்பாகிவிடுகிறது. நோய் என்று சந்தேகித்து, மருந்து தெளிக்கச் சொல்கிறார் வாடிக்கையாளர். தெளிக்கலாமா?

பதில்: தெளிப்பதற்கு முன் ஒரு புல் இதழைப் பிடுங்கி, வெட்டுப்பட்ட நுனியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். கூர்மையான கத்தி வெட்டிய நுனி, கத்தரிக்கோலால் நறுக்கிய காகிதம் போல நேராக இருக்கும். மழுங்கிய கத்தி பட்ட நுனி பிய்ந்து, பஞ்சுத் திரி போல வெண்ணிற நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்கள்தான் காய்ந்து பழுப்பாகின்றன. தரை முழுவதும் ஒரே சீராக, நுனிகளில் மட்டும் நிறம் மாறியிருந்தால் அது பெரும்பாலும் கத்தியின் குறையே. வட்ட வட்டமாகவோ திட்டுத் திட்டாகவோ இருந்தால் நோயையோ பூச்சியையோ சந்தேகிக்கலாம். பிய்ந்த நுனி வழியாக நோய் நுழையும் வாய்ப்பும் அதிகம் என்பதால், மருந்தை அடித்துவிட்டு அதே கத்தியால் வெட்டினால் பயனில்லை.

ரோட்டரி புல்வெட்டி கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்து அறுக்கிறது. 53 சென்டிமீட்டர் கத்தி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி வினாடிக்கு 83 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்திலும் முனை மழுங்கினால் இதழ் கிழியவே செய்யும். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி வேறு வகை. துணியின் மேல் நீட்டி நிற்கும் நூலிழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவர் அமைத்த உருளைக் கத்தி, நிலையான அடிக்கத்தியோடு உரசிக் கத்தரிக்கோல் போல நறுக்கியது. இன்றும் மிகத் தாழ்வாக, மிக நேர்த்தியாக வெட்ட வேண்டிய விளையாட்டுத் தரைகளுக்கு அந்த ரீல் வகையே ஏற்றது. உங்களுடையதைப் போன்ற சாதாரண வளாகத்துக்கு ரோட்டரி போதும். கத்தி மட்டும் கூராக இருக்க வேண்டும்.

20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடியுங்கள்; மணல் கலந்த தரையில் இன்னும் அடிக்கடி. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றாமல் கத்தியில் கை வைக்கவே கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த சாய்கோணத்தை, பெரும்பாலும் 30 பாகை, மாற்றாமல் தேயுங்கள். இரும்பு நீலம் பாயும் அளவுக்குச் சூடாக்கினால் அதன் கடினத்தன்மை போய்விடும். பிறகு நடுத்துளையைச் சுவரில் அடித்த ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள்; எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் கனமானது. சமநிலை இல்லாத கத்தி ஏற்படுத்தும் அதிர்வு, ஓட்டுபவரின் கையையும் இயந்திரத்தின் தண்டையும் ஒருசேரக் கெடுக்கும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இரண்டு கத்தி வைத்திருந்தால், ஒன்று சாணையில் இருக்கும்போது மற்றது வேலையில் இருக்கும்.

கேள்வி: பெட்ரோலா, பேட்டரியா?

பதில்: வேலை எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைப் பொறுத்தது. 56 வோல்ட், 7.5 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பேட்டரியில் 420 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. சராசரியாக 600 வாட் இழுக்கும் ஓரம் வெட்டும் கருவியை அது 40 நிமிடம் அளவுக்கு ஓட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் (ஒரு யூனிட் 1,000 வாட் மணி) ஆற்றல் இருந்தாலும், சிறிய என்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவது கடினம். மீதி வெப்பமாகப் போய்விடும். ஒன்றரை யூனிட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக மூன்று அல்லது நான்கு பேட்டரிகள் வண்டியில் இருக்க வேண்டும். எனவே இயந்திரத்தின் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஒரு முழு நாளுக்குத் தேவையான பேட்டரிகளையும் சார்ஜர்களையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

மருத்துவமனை, பள்ளி, குடியிருப்பு போன்ற அமைதி வேண்டிய இடங்களில் வேலி கத்தரிப்பதற்கும் ஊதுவதற்கும் நான் பேட்டரியையே பரிந்துரைப்பேன். காலை முன்னேரத்திலேயே வேலையைத் தொடங்க அனுமதி கிடைப்பது ஒன்றே அதன் கூடுதல் விலையை ஈடுகட்டக்கூடும். புதர் வெட்டுவதற்கும் நாள் முழுவதும் ஓயாமல் ஓடும் வேலைக்கும் பெட்ரோல் இயந்திரம் இன்னும் வசதியானது. ஒரே நிறுவனத்தின் ஒரே வோல்ட் வரிசையில் எல்லாக் கருவிகளையும் வாங்குங்கள். பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஓடிச் சூடான பேட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் செய்யுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பிரஷ் கட்டர் (கையில் பிடித்துப் புதர் வெட்டும் இயந்திரம்) குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடுகிறது, சூடானதும் திணறி நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: மாற்றுவதற்கு முன் சைலன்சர் வாயிலுள்ள சிறு கம்பி வலையைக் கழற்றிப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் அதிகமாகக் கலந்தாலோ, எப்போதும் குறைந்த வேகத்தில் ஓட்டினாலோ, அந்த வலையில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் திணறும். கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பல இயந்திரங்கள் சரியாகிவிடுகின்றன. ஏர் ஃபில்ட்டரையும், டாங்கிக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்ட்டரையும், டாங்கி மூடியின் காற்றுத் துளையையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

கலவையை ஊகத்தில் ஊற்ற வேண்டாம். கையேட்டில் 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று இருந்தால், லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 5 லிட்டருக்கு 100 மில்லி. 25-க்கு 1 என்றால் இதைப் போல் இரு மடங்கு. ஒரு மாதத்துக்கு மேல் பழையதான கலவையைப் பயன்படுத்தாதீர்கள்; எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதோடு, காய்ந்து பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் டாங்கியை வடித்து, மிச்சம் தீர்ந்து நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கேள்வி: எல்லாச் செலவுக்கும் மேல் 20 சதவீதம் லாபம் வைத்துத்தான் விலை சொல்கிறேன். ஆண்டு முடிவில் வரவில் 20 சதவீதம் மிஞ்சுவதே இல்லை.

பதில்: மிஞ்சாது. செலவு 100 என்றால் அதன் மேல் 20 வைத்து 120 வாங்குகிறீர்கள். 120-இல் 20 என்பது 16.7 சதவீதம்தான். வரவில் 20 சதவீதம் மிஞ்ச வேண்டுமானால், செலவை 0.8-ஆல் வகுக்க வேண்டும். 100 செலவுக்கு 125 வாங்க வேண்டும். இத்துடன் தள்ளுபடியின் கணக்கையும் பாருங்கள். அந்த 125-இல் 10 சதவீதம் குறைத்தால் 112.50 வரும். வாடிக்கையாளருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. உங்கள் லாபமோ 25-லிருந்து 12.50-ஆக, சரிபாதியாகக் குறைந்துவிட்டது. விலையைக் குறைக்கச் சொல்பவரிடம், இந்த விலைக்கு இத்தனை முறை வருகிறோம், அதைக் குறைத்தால் முறையைக் குறைக்கலாம், அல்லது வேலிச்செடியை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள். வேலையைக் குறைத்தே விலையைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: பல மாதம் கவனிப்பாரற்றுக் கிடந்த வளாகம் ஒன்றில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. முதல்முறை வெட்டுவதற்கும் மாதாந்திர விலையே போதுமா?

பதில்: போதாது. முதல் துப்புரவு தனி வேலை, தனி விலை. உள்ளே என்ன கிடக்கிறது என்பது வெட்டிய பிறகுதான் தெரியும் என்பதால், அதைப் பரப்பளவுக்கு விலை பேசாமல் மணிக்கணக்கில் பேசுங்கள். அகற்றும் குப்பையை ஏற்றிச் செல்லும் செலவைப் பிரித்துக் காட்டுங்கள். இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது என்பது புல்தரைப் பராமரிப்பின் அடிப்படை விதி. எனவே நல்ல நிலைக்குக் கொண்டுவர, சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவை வர வேண்டியிருக்கும் என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.

இயந்திரத்தை இறக்குவதற்கு முன் குச்சியோடு நடந்து, கல், கம்பி, உடைந்த கண்ணாடி, நீர்த்தெளிப்பான் தலை ஆகியவற்றைத் தேடிக் கொடி நட்டு வையுங்கள். பிரஷ் கட்டரில் மென்மையான களைக்கு நைலான் கயிறு, தடித்த தண்டுக்கு இரும்புத் தகடு. 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்துத்தான் இந்தச் சுழலும் கயிற்று முறையைக் கண்டுபிடித்தார். மரப்பட்டையைக் காயப்படுத்தாமல் அடிமரத்தைச் சுற்றிப் புல் வெட்டுவதே அவர் நோக்கம். ஆனால் இன்றைய இயந்திரங்களின் வேகத்துக்கு இளம் மரத்தின் பட்டை தாங்காது; சுற்றிலும் பட்டை உரிந்தால் மரம் செத்துவிடும். கயிற்றை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தினால் எளிதில் முறியாது. இரும்புத் தகடு இடஞ்சுழியாகச் சுழலும் இயந்திரத்தில், அதைக் கடிகார முகமாக நினைத்தால், 12 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட விளிம்பு கெட்டியான தண்டில் பட்டால் இயந்திரம் எகிறித் திரும்பும். வெட்டும் இடத்திலிருந்து 15 மீட்டருக்குள் வேறு எவரும் இருக்கக் கூடாது.

கேள்வி: எங்களிடம் நாள் முழுவதும் இயந்திரம் பிடிக்கும் ஒருவர், இரவில் விரல்கள் மரத்துப்போவதாகச் சொல்கிறார். கையுறை மாற்றினால் சரியாகுமா?

பதில்: கையுறையோடு நிறுத்திவிடாதீர்கள், அவரை உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். இடைவிடாத அதிர்வு விரல்களின் நரம்பையும் இரத்தக் குழாயையும் பாதிக்கும். மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, குளிரில் விரல் நுனி வெளுத்துப்போதல் ஆகியவை அதன் தொடக்க அடையாளங்கள். முற்றிய பிறகு அது திரும்பிச் சரியாவதில்லை. சட்டை பொத்தானைக்கூடப் போட முடியாமல் தடவிக்கொண்டிருக்கும் விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 8 மணி நேரச் சராசரியாக அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² அளவை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. இயந்திரத்தின் கையேட்டில் அதிர்வு அளவு 5 என்று இருந்தால், 2 மணி நேரத்திலேயே முதல் எல்லை வந்துவிடும். 10 என்று இருந்தால் அரை மணி நேரத்தில் முதல் எல்லையும், 2 மணி நேரத்தில் உச்ச வரம்பும் வந்துவிடும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும்தான் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே ஒரே ஆளிடம் ஒரே இயந்திரத்தை நாள் முழுவதும் கொடுக்காமல், ஓரம் வெட்டுவது, ஊதுவது, களை பிடுங்குவது என்று ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

காதும் இதே போலத்தான். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 97-இல் அரை மணி நேரம். பெட்ரோல் ஊதுகருவிகள் பல இந்த அளவை எட்டுபவை. காதுக் கவசம், கண்ணாடி, இரும்பு முனைக் காலணி, ஆட்களை மாற்றி நிறுத்துவதால் கூடும் நேரம் ஆகிய எல்லாவற்றையும் மணி விலைக்குள் சேர்த்துவிடுங்கள். விலையில் சேர்க்காத பாதுகாப்பு, பணம் நெருக்கடியான முதல் மாதத்திலேயே விட்டுப்போகும். அந்த மாதத்தில் கை போனவருக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

கேள்வி: ஆண்டு ஒப்பந்தத்தில் எவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும்?

பதில்: எத்தனை முறை வருவீர்கள், புல்லை எந்த உயரத்தில் விடுவீர்கள், வெட்டிய புல்லை யார் அகற்றுவது, எவை சேராதவை ஆகிய நான்கையும் எழுதுங்கள். வெட்டிய புல்லை மெல்லிய துகளாகத் தரையிலேயே விட்டால் அது மக்கி உரமாகும் என்பதையும், ஏற்றிச் செல்லும் செலவு மிச்சமாகும் என்பதையும் வாடிக்கையாளருக்கு விளக்கி, இரண்டு விலைகளாகக் கொடுங்கள். பெரிய மரங்களில் ஏறி வெட்டும் வேலை இந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். புல் வேகமாக வளரும் மாதங்களில் அடிக்கடியும் வளராத மாதங்களில் எப்போதாவதும் போக வேண்டியிருப்பதால், ஆண்டு முழுவதற்கும் மொத்த விலையைக் கண்டு 12-ஆல் வகுத்துச் சமமாக வாங்குவது இருவருக்கும் நல்லது. எரிபொருள் விலை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் கட்டணத்தைத் திருத்தலாம் என்ற வரியையும், எந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். கையெழுத்தாகும் நாளில் வளாகம் முழுவதையும் சுற்றிப் படம் எடுத்து, ஏற்கெனவே உடைந்திருக்கும் தெளிப்பான்கள், விரிசல் விட்ட ஓரக்கற்கள், பட்டை உரிந்த மரங்கள் ஆகியவற்றின் பட்டியலில் வாடிக்கையாளரின் கையொப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.